பன்னிரண்டு மில்லிமீட்டர்

நீடாமங்கலம்,
ஐப்பசி 24

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நேற்று ராத்திரி நல்ல மழை. டிவியில் ஏழு சென்டிமீட்டர் என்றார்கள். கொல்லையில் நம் மழைமானியில் 66.8 மில்லிமீட்டர்தான். மழை அளக்கிற வேலையிலிருந்து ரிடையர் ஆகி ஒன்பது வருஷம் ஆனாலும் காலை எட்டரைக்குக் கால் தானாக அங்கே போய்விடுகிறது.

சம்பா நட்டு இருபது நாள்தான். நம் மூன்று மா நிலத்திலும் பயிர் தலை தெரியவில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் சொச்சம். அதை 66.8-ஆல் பெருக்கிப் பார். வடிய வாய்க்கால் இல்லை, இருப்பதும் ஆகாயத்தாமரை. இதெல்லாம் உனக்கு எதற்கு.

தீபாவளிக்கு நீ வராதது பரவாயில்லை. இந்த நேரத்தில் பஸ் பயணம் வேண்டாம்தான். மாப்பிள்ளை பைக்கில் பின்னால் உட்காராதே. வெந்நீர் குடி.

புரட்டாசிப் பாதியில் ஸ்கேன் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாய், "பன்னிரண்டு மில்லிமீட்டர், துடிப்பு தெரியுதுப்பா" என்று. மழை அளக்கிற குடுவையில் ஒரு மில்லிமீட்டர் கோடு நிஜமான ஒரு மில்லிமீட்டர் இல்லை. மானியின் வாய் அகலம், குடுவை ஒடுக்கம், அதனால் நீட்டிக் காட்டும். ஆகவே உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். பொன்னி நெல் ஒன்றும் இன்னொன்றில் பாதியும் வைத்தால் சரியாக இருந்தது. அவ்வளவுக்குள் ஒரு துடிப்பு.

அது ஐந்து வாரம் முன்பு. இந்நேரம் ஐம்பத்தைந்து, அறுபது இருக்குமாம். மருந்துக்கடையில் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். கேள்வி இல்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டால் அடுப்பைப் பார்க்கிறாள். "பாப்பா பேசினாளா" என்றால் "பேசினா" என்கிறாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது.

ஆறு வயதில் நாற்காலி மேல் ஏறி நின்று, "அப்பா, தண்ணி வளைஞ்சிருக்குல்ல, அடிவளைவைப் பார்த்துத்தான் எழுதணும்" என்று எனக்கே சொன்னவள் நீ. இன்று மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்து பார்க்கிற வேலை. மைக்ரான் என்று நீ சொன்னதைக் கடைத்தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பைக்கில் போகாதே என்றேன் அல்லவா.

2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழை நாள் என்று கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பெய்தது பெய்ததுதான், மண் நனைந்ததுதான். ஆனால் கணக்கில் வராது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு.

நீ தலைச்சன் இல்லை, பாப்பா. நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு மூன்றாம் மாசத்தில் ஒன்று போயிற்று. அன்றும் இப்படித்தான் மழை. விடியற்காலையில் அம்மாவை உன் பாட்டிதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எட்டரைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று நான் நின்றுவிட்டேன். வேறு யாரையும் எடுக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம், அங்கே போய் என்ன பார்க்க வேண்டியிருக்குமோ என்று. 41.6 என்று எழுதி, தந்தியும் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் போனேன். போய் அவளிடம் கேட்டது, "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் அடுப்பைப் பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் வெளியில் நிற்கிறேன் என்றால் அது நான் போய் நின்ற இடம்தான்.

மழையே இல்லாத நாளிலும் எங்கள் ரிஜிஸ்டரில் 0.0 என்று போட்டாக வேண்டும். காலியாக விட்டால் மழை இல்லையா, ஆள் போகவில்லையா என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுது. போன் வேண்டாம், போனில் நான் மறுபடி சாப்பிட்டியா என்றுதான் கேட்பேன். நீ வா என்றால் அன்றைக்கே ராத்திரி பஸ் ஏறிவிடுவேன். மானியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

அப்பா

சீடை டப்பா தனியாக வருகிறது. அதில் அம்மா எதையோ மடித்து வைத்திருக்கிறாள். நான் பிரிக்கவில்லை.