வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை 2025: மாட்டுப்பண்ணைக் காதல் நாவல்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுக்க ஒரே வகை நாவல்களை எடுத்துக்கொண்டோம்: அமெரிக்காவின் டெக்சஸ், மொன்டானா, வயோமிங் பக்கத்து மாட்டுப்பண்ணைகளில் நடக்கும் இன்றைய காதல் கதைகள். அந்தத் தீர்மானம் எளிதாக நிறைவேறவில்லை. மளிகைக்கடைப் பக்கத்துத் தாங்கியில் தொங்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு பேச என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் பலர் கடைசிக் கூட்டம் வரை ஒரு மாதம்கூட விடாமல் வந்தார்கள். அட்டையில் தொப்பி வைத்த ஆண் நிற்கிறான். உள்ளே போனால், அப்பா செத்த பிறகு இந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விதான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓடுகிறது. காதல் அந்தக் கேள்விக்குள்ளேதான் வந்து சேர்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு எங்கள் வாசிப்பே மாறிவிட்டது.

கூட்டங்கள் வழக்கம்போல் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, உறுப்பினர் வீடுகளில் நடந்தன. ஆகஸ்ட் கூட்டம் மட்டும் விடுமுறை காரணமாக நடக்கவில்லை.

டெக்சஸின் ஹூஸ்டன் நகரில் இருந்துகொண்டு இந்த நாவல்களைப் படிப்பதில் ஒரு பொருத்தம் இருப்பது பிப்ரவரிக் கூட்டத்தில்தான் பலருக்குத் தெரிந்தது. மலிவு விலைக் காதல் நாவல்களில் பெரிய பெயரான ஹார்லெக்வின், 1949-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கிய நிறுவனம். 1957 முதல் லண்டனின் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பக நாவல்களை வாங்கி மறுபதிப்பு செய்து வளர்ந்தது. அதனால் நெடுநாள் அந்தக் கதைகளில் வந்ததெல்லாம் ஆங்கிலேய மருத்துவமனைகளும் கிரேக்கக் கப்பல் முதலாளிகளும்தான். ஜேனட் டெய்லி என்ற அமெரிக்கப் பெண் எழுதிய முதல் நாவலை அந்த நிறுவனம் வெளியிட்டது 1976-இல். அதன் காதல் நாவல் வரிசைக்கு எழுதிய முதல் அமெரிக்கர் என்று அவரையே சொல்வார்கள். அந்தக் கதை நடந்த இடம் டெக்சஸில் ஒரு மாட்டுப்பண்ணை. இன்று நாம் படிக்கும் வரிசைக்கு அதுவே ஊற்றுக்கண் என்று சொல்லலாம்.

அதைவிட நமக்கு நெருக்கமானவர் விவியன் ஸ்டீவன்ஸ். நம் ஹூஸ்டனில் பிறந்த கறுப்பினப் பெண். நியூயார்க்கில் டெல் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது, வேலைக்குப் போகும், தன் முடிவைத் தானே எடுக்கும் அமெரிக்க நாயகிகளை விரும்பிக் கேட்டு வாங்கி வெளியிட்டார். கறுப்பின எழுத்தாளர் எழுதிய, நாயகனும் நாயகியும் கறுப்பினத்தவராகவே இருந்த காதல் நாவலை 1980-இல் கொண்டுவந்தவரும் அவரே. பிறகு ஹார்லெக்வினுக்குப் போய் அமெரிக்கக் களங்களுக்கென்றே ஒரு தனி வரிசையைத் தொடங்கி வைத்தார். பின்னாளில் மாட்டுப்பண்ணைக் கதைகள் குவிந்தது அந்த வரிசையில்தான். 2016-இல் அதற்கு மேற்குப் பகுதியின் பெயரையே சூட்டினார்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் 1980-இல் ஹூஸ்டனில் தொடங்கியதற்கும் அவர்தான் முதல் காரணம். அதன் முதல் மாநாடு 1981-இல் நடந்த இடம் வுட்லண்ட்ஸ். நம் உறுப்பினர்களில் சிலர் தினமும் காரில் கடந்துபோகும் ஊர்! அந்தச் சங்கம் 2024 மே மாதத்தில் திவால் சட்டப் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விவியன் ஸ்டீவன்ஸ் பற்றி நம் வட்டத்தில் இதுவரை யாரும் பேசாமல் இருந்தது பெரிய குறை என்பது என் கருத்து. அவர் பெயரில் ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைத்துள்ளது.

ஏப்ரல் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நாவல்களில் எல்லோரும் எதிர்பார்க்கும் ஒரு காட்சி உண்டு. பனி கொட்டும் இரவு. தலையீற்றுக் கிடாரி ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கிறது. கால்நடை மருத்துவர் வந்துசேர முடியாது. நகரத்திலிருந்து வந்த நாயகி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் படித்ததில் பல கதைகள் இதை இரண்டு பத்தியில் முடித்துவிட்டு முத்தத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு நாவலில் மட்டும் பக்கம் பக்கமாக அந்த வேலையே நடக்கிறது: முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்து குளம்பு கீழ்நோக்கி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, கணுவுக்கு மேலே சங்கிலி மாட்டுவது, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது மூச்சு வாங்கும்போது நிறுத்துவது, தலை வெளியே வந்ததும் இழுக்கும் திசையைத் தரையை நோக்கித் திருப்புவது, விழுந்த கன்றின் மூக்கில் ஒரு துரும்பை விட்டுத் தும்ம வைப்பது, தொப்புளில் அயோடின் தடவுவது, ஈரம் காயும் முன்னே சீம்பால் குடிக்கவைப்பது.

மணப்பாறைப் பக்கம் மாடுகளோடு வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தார். துரும்பு வந்த இடத்தில் நிறுத்தி, “எங்க அப்பாவும் வைக்கோல் துரும்பைத்தாம்மா மூக்கில் விடுவாரு. இதை எழுதினவங்க கொட்டகையில நின்னு பார்த்திருக்காங்க” என்றார். அதுவரை வாயே திறக்காத இளம் உறுப்பினர் ஒருவர், “ஐயா, அப்போ அந்தப் பொண்ணு அவனை விரும்புறது எந்த இடத்துல?” என்று கேட்டார். பெரியவர் புத்தகத்தைப் புரட்டி, மாடு மூச்சு வாங்குகிறது, அவன் இழுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான் என்ற வரியைக் காட்டினார். பொறுமையாக நிற்கத் தெரிந்தவன் என்று அவளுக்கு அப்போதுதான் புரிகிறது என்றார். அதற்கு மேல் அன்று விளக்கம் தேவைப்படவில்லை. நல்ல பண்ணைக் காதல் நாவலுக்கு என் அளவுகோலும் இதுவே ஆகிவிட்டது: வேலை புத்தகத்தின் பக்கங்களில் தெரிய வேண்டும், காதல் அந்த வேலையின் நடுவில் பிறக்க வேண்டும்.

மே, ஜூன் கூட்டங்கள் குடும்பக் கதைகளுக்கு. இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள் வரிசையாக வருகின்றன. ஆளுக்கு ஒரு புத்தகம். மூத்தவன் பிடிவாதக்காரன், நடுவுள்ளவன் ஊரைவிட்டு ஓடியவன், கடைக்குட்டி ரோடியோ என்ற மாடு, குதிரை அடக்கும் போட்டியில் எலும்பை முறித்துக்கொண்டு திரும்பியவன். உயில் வாசிக்கும்போது பாதி நிலம் முகமறியாத ஒரு பெண்ணுக்கு என்று வரும். மனைவியை இழந்தவன் கைக்குழந்தையோடு தவிப்பான். ராணிமுத்துவும் மாலைமதியும் படித்து வளர்ந்த நம் பெண்களுக்கு இதெல்லாம் புதிதாகவே தெரியவில்லை. கட்டாயத்தில் நடந்த கல்யாணம் கனிந்து காதலாவதை நாம் பள்ளிக்கூட நாளிலேயே மனப்பாடமாகப் படித்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை நம் துணைத்தலைவர் அக்கா சரியாகப் பிடித்தார்: நம் மாத நாவலில் பெண் புகுந்த வீட்டு மனிதர்களிடம் பேரெடுக்க வேண்டும், இங்கே அவள் மண்ணிடமும் மாட்டிடமும் பேரெடுக்க வேண்டும்; மாமியார் இருந்தாலும் அவர்தான் பெரும்பாலும் அவளுக்குத் துணை.

அந்தக் குடும்பப் பதற்றத்துக்குப் பின்னால் நிஜம் இருக்கிறது. அமெரிக்க அரசின் 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி விவசாயிகள், பண்ணைக்காரர்களின் சராசரி வயது 58.1. நாட்டின் மொத்த மாடுகள் 2025 ஜனவரி 1 அன்று 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. தொடர்ந்து வறட்சி, தீவன விலை, கிடாரிகளை வைத்து வளர்க்காமல் விற்றுவிட வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்த விளைவு. 2024 பிப்ரவரியில் டெக்சஸின் வட முனையில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கில் மாடுகள் கருகின. நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் வங்கிக் கடிதம் வரும்போது அதை வெறும் கதைத்திருப்பம் என்று ஒதுக்க இந்தச் செய்திகளை அறிந்தவர்களால் முடியாது.

அக்டோபரில் ஒரு பண்ணையை நேரில் பார்க்கப் போனோம். உரிமையாளர் குடும்பம் பெயர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்த வாரம் அது. வேலிக்கு இந்தப் பக்கம் பசுக்களும் அந்தப் பக்கம் கன்றுகளும் நின்று கத்திக்கொண்டே இருந்தன. பக்கத்தில் நிற்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா, வேலி ஓரமாகவே நிற்கவிட்டால் கன்றுகள் சீக்கிரம் தேறிவிடும், கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோனால்தான் இளைக்கும் என்று சொன்னார். தான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்ப்பதாகவும், அந்தச் சம்பளமும் காப்பீடும் இல்லாவிட்டால் பண்ணை நிற்காது என்றும் சொன்னார். நாங்கள் படித்த எந்த நாவலிலும் நாயகி குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வாங்கித் தருபவளாக வரவில்லை. யாராவது எழுதினால் நம் வட்டமே முதல் பிரதியை வாங்கும். அவர் எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தார். நாம் கொண்டுபோன முறுக்கும் அதிரசமும் அங்கேயே காலியாயின.

திமில் வைத்த மாடுகள் அந்த மந்தையில் நின்றதைப் பார்த்து நம்மவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். பிராமன் என்று இங்கே அழைக்கப்படும் அவை, நம் நாட்டுக் கிர், காங்ரேஜ், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனங்களின் வாரிசுகள். 1906-இல் நம் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருந்த பியர்ஸ் பண்ணைக்காரர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மாடுகளும் அந்த வம்சத்தில் சேர்ந்தவை. வெயிலும் உண்ணியும் ஐரோப்பிய மாடுகளை வாட்டிய இந்தக் கடலோரத்தில் இவைதான் தாக்குப்பிடித்தன. 1853-இல் தொடங்கி, இன்று 8,25,000 ஏக்கரில் பரந்திருக்கும் கிங் பண்ணை, இந்தத் திமில் மாட்டை ஷார்ட்ஹார்ன் என்ற ஆங்கிலேய மாட்டினத்தோடு கலந்து சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற தனி இனத்தையே உருவாக்கியது. நாவல்களில் வரும் பண்ணைகளில் பிராமன் மாடு என்று படித்தால், அது நம் பக்கத்து உறவு என்று இனி நினைவில் கொள்ளலாம்.

நவம்பர்க் கூட்டம் சூடாகவே நடந்தது, அதையும் பதிவு செய்கிறேன். இந்தக் கதைகளில் நிலம் எப்போதும் கொள்ளுத்தாத்தா உழைத்துச் சேர்த்ததாகவே வருகிறது. அதற்கு முன்னே அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குதிரையேற்றம், சுருக்குக் கயிறு, சூட்டுக்குறி என்று கௌபாயின் தொழில் பெரும்பாலும் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றது. மந்தைகளைத் தொலைதூரம் ஓட்டிச்சென்ற பழைய டெக்சஸ் பயணங்களில் கறுப்பினத்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். நாவலிலோ அவர்கள் சமையல்காரராக, வயதான மேஸ்திரியாக ஓரத்தில் வந்து போகிறார்கள். 2021-இல் காதல் நாவலாசிரியர் சங்கத்தின், விவியன் ஸ்டீவன்ஸ் பெயரிலான விருது, அமெரிக்கப் படை பூர்வகுடிகளைக் கொன்ற 1890 வூண்டட் நீ படுகொலையில் பங்கெடுத்த ஒருவனை நாயகனாக்கிய நாவலுக்குக் கொடுக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. காதல் நாவலில் அரசியலை ஏன் தேட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நிலத்தை மையமாக வைத்து எழுதுகிறவர் நிலத்தின் கதையை முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே என் நிலை. அன்று முடிவு எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

நிர்வாகச் செய்திகள். கூட்டங்களுக்கான புத்தகங்களைப் பெரும்பாலும் வட்டார நூலகத்திலும், நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி (Libby) செயலியிலும் பெற்றோம். ஒரே நேரத்தில் பலர் கேட்டதால் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டுக்குத் தலைப்பை மூன்று மாதம் முன்பே அறிவித்துவிட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. படித்து முடித்த சொந்தப் பிரதிகளை நூலகத்தின் பழைய புத்தக விற்பனைக்குக் கொடுத்துவிட்டோம். மார்ச் மாதம் ரோடியோவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். குழந்தைகள் கன்றுக் கண்காட்சிக் கொட்டகையைவிட்டு வெளியே வரவே மறுத்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இந்த அறிக்கைக்குப் பின் தனியே வாசிப்பார். சந்தாவை உயர்த்தும் திட்டம் இல்லை.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஒன்று, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளைக் களமாகக் கொண்ட காதல் நாவல்கள். மற்றொன்று, நடுவயதைத் தாண்டியவர்கள் நாயகன் நாயகியாக வரும் கதைகள். இரண்டாவதை முன்மொழிந்தவர் நம் மணப்பாறை ஐயா, நான் வழிமொழிந்திருக்கிறேன். வாக்கெடுப்பு இன்றே நடக்கும்.

வீட்டைத் திறந்துவிட்டுக் காபியும் சுண்டலும் தந்த உறுப்பினர்களுக்கும், பண்ணைப் பயணத்துக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும், எங்களை உள்ளே அழைத்துக் கொட்டகையைக் காட்டிய அந்தக் குடும்பத்துக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்