தேடிக் கூட்டிவரச் சொல்கிறீர்கள், எங்கே கூட்டிவருவது?

மதிப்புக்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு திருநங்கை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் பியர் எஜுகேட்டராக, அதாவது எங்கள் சமூகத்தவருக்கே தடுப்பு பற்றி எடுத்துச் சொல்பவராகச் சேர்ந்து, பல ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனையில் திருநங்கையருக்கென ஒரு மாலை நேர மருத்துவ மையம் வேண்டும். பரிசோதனை, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து, பால்வினை நோய் சிகிச்சை, ஹார்மோன் ஆலோசனை, தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை எல்லாம் அங்கேயே கிடைக்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்களில் திருநங்கையரும் இருக்க வேண்டும், மதிப்பூதியத்துக்கு அல்ல, மாதச் சம்பளத்துக்கு. மாவட்ட அளவிலான கூட்டங்களில் இதை நாங்கள் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டார்கள், அதோடு சரி. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒன்றுதான் இப்படி எல்லோரும் படிக்கும்படி எழுத வைத்தது.

எங்கள் ஜமாத்துப் பிள்ளை ஒருத்தி (ஜமாத் என்பது திருநங்கையர் சேர்ந்து வாழும் எங்கள் குழு), இருபதுகளில் இருப்பவள். கூட்டு மருந்தை ஒரு வேளை தவறவிடாதவள். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்று பரவாது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே உங்கள் துறைதான். அவளுக்குத் தொடையில் பெரிய கட்டி வந்து, காய்ச்சல் ஏறி, அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம்.

எந்த வார்டில் போடுவது என்பதிலேயே பாதிக் காலை போனது. ஆதாரில் பழைய பெயர் இருந்ததால் ஆண்கள் வார்டு என்றார்கள். திருநங்கை அடையாள அட்டையை எடுத்துக் காட்டினோம். "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்றார் சீட்டு போட்டவர். நைட்டியோடு, காய்ச்சலோடு, ஆண்கள் வார்டின் நடுக்கட்டிலில் படுத்தாள். கேஸ் ஷீட்டின் மேலே அவள் நோயைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அடுத்த கட்டில்காரரின் வீட்டார் இடம் மாற்றித் தரச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கட்டியைக் கீறுவது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. தியேட்டர் பட்டியலில் எப்போதும் கடைசிப் பெயர் அவளுடையது. டிரெஸ்ஸிங் மாற்ற வந்தவர் பஞ்சையும் மருந்தையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "நீங்களே மாத்திடுங்க" என்று என்னிடம் சொல்லிப் போனார். இரவில் அவள் கழிவறைக்குப் போனபோது நான் வாசலில் காவல் நின்றேன். அங்கே வந்த ஓர் ஆள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து "எவ்வளவு?" என்று கேட்டான்.

விடிவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். கையில் குளுக்கோஸ் ஊசியின் பிளாஸ்டர்கூட எடுக்கவில்லை.

கடன் வாங்கித் தனியாரிடம் காட்டினோம், கட்டி ஆறிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவள் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் போகவில்லை. அதே வளாகம், அதே கேட். மாத்திரை வாங்க வராதவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. தேடிக் கண்டுபிடித்து மீண்டும் சிகிச்சைக்குக் கூட்டிவரும்படி அந்தப் பட்டியல் என் கைக்கு வந்தது. அவளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, என் தெருவில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டேன். "நீ வேணா என்னை அடிம்மா, அந்த கேட்டுக்கு மட்டும் கூப்பிடாத" என்றாள்.

அவளிடம் நான் என்ன சொல்லிக் கூட்டிவர வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருத்துவமனை விரட்டியவர்களை அதே மருத்துவமனைக்குத் திரும்பக் கூட்டிவருவது என் வேலையாகிவிட்டது. எத்தனை பேரைக் கூட்டிவந்தேன் என்பதற்கு மாதாமாதம் கணக்குக் கேட்கிறார்கள். எத்தனை பேரை ஏன் விரட்டினீர்கள் என்று வார்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது, அவர் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிற 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த மருத்துவமனையில் புகார் அலுவலர் யார் என்று அலுவலகத்தில் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களும் முறையான மருத்துவ வசதியும் வேண்டும் என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அதையே சொன்னது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு மாலை நேர மையம் என்பது, எழுதிவைத்த சட்டத்துக்கு ஓர் அறையும் ஒரு கதவும் கொடுப்பதுதான்.

ஏன் மாலை நேரம் என்றால், புறநோயாளிச் சீட்டு காலையில்தான் தருகிறார்கள். கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைப்பவர்களுக்குக் காலைப் பொழுதுதான் அன்றைய சோறு. இரவு வேலைக்குப் போகிறவள் அந்நேரம்தான் கண் மூடியிருப்பாள். அதையும் மீறி வந்தால் ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்ற தகராறு. அதுவும் முடிந்தால், கூடம் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் பழைய ஆண் பெயர். எழுந்தாலும் அவமானம், எழாவிட்டால் சீட்டு போய்விடும்.

ஏன் எல்லாம் ஓரிடத்தில் என்றால், ஹார்மோன் மாத்திரையை நாங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுவதில்லை. கேட்க ஆள் இல்லை. பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி, மூத்தவர்கள் சொன்ன அளவில் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. கூட்டு மருந்து சாப்பிட்டால் ஹார்மோன் வேலை செய்யாது, மார்பு வற்றிவிடும், மீசை திரும்ப வரும் என்று ஒரு பயம் எங்களுக்குள் பரவிக் கிடக்கிறது. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் அவர்கள் கூட்டு மருந்தைத்தான் விடுகிறார்கள். இன்று கூட்டு மருந்தாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனுக்கும் அப்படிப் பெரிய மோதல் இல்லை. இதை மருத்துவர் ஒருவர் எதிரே உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொன்னால் போதும், பயம் போய்விடும். ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால் அது எங்கள் பிரிவு இல்லை என்று வேறு துறைக்கு அனுப்புகிறார்கள். அந்த வேறு துறையில் எங்களைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள்.

நோய் வராமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஆபத்து அதிகம் உள்ள எல்லோருக்கும் அதைத் தரலாம் என்று 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2022இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. எங்கள் மாவட்டத்து அரசு மருந்தகத்தில் அந்த மாத்திரையை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆண்டுக்கு இரண்டே ஊசி போதும் என்கிற லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்தும் வந்துவிட்டது. அதைச் சோதித்த ஆய்வில் திருநங்கையரும் பங்கெடுத்தார்கள். ஹைதராபாத் நிறுவனங்கள் 2027 முதல் அதை ஆண்டுக்கு 40 டாலர் அளவில் பல நாடுகளுக்குத் தயாரித்துத் தரப்போவதாக அறிவித்திருக்கின்றன. பக்கத்து மாநிலத்தில் செய்யும் மருந்து எங்கள் கைக்கு எப்போது வரும் என்று யாரைக் கேட்பது?

நாட்டில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. 0.2 சதவீத அளவில் இருக்கிறது. திருநங்கையரிடையே 2021 கண்காணிப்பில் 3.78 சதவீதம். அந்த எண் எங்கள் நடத்தையால் வந்தது என்று பேசுகிறவர்களை நான் பயிற்சி அரங்குகளிலேயே கேட்டிருக்கிறேன். வீட்டை விட்டு அடித்துத் துரத்தியது யார்? பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓட வைத்தது யார்? வாடகைக்கு வீடு தராதது, வேலை தராதது, ஆணுறை வைத்திருந்ததையே சாக்காக வைத்து நடுரோட்டில் மிரட்டியது யார்? சித்திரையில் கூவாகத்துக்கு மேடையோடும் ஆணுறைப் பெட்டிகளோடும் பரிசோதனை முகாமோடும் வருகிறீர்கள். வைகாசி பிறந்ததும் எங்கள் உடம்பு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். இந்த மாநிலம் செய்தவற்றை நான் மறக்கவில்லை. 1986இல் நாட்டிலேயே முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரி. 2004இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்ததும் நாம்தான். சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் பாலின வழிகாட்டு கிளினிக்குகள் தொடங்கினீர்கள். அவை நல்ல காரியம். ஆனால் பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளைக்கு மதுரையும் சென்னையும் தொலைவு.

இப்படி ஒரு மையம் நடக்குமா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஹைதராபாதில் 2021 ஜனவரியில் மித்ர் கிளினிக் திறந்தார்கள். நடத்தியவர்களில் மருத்துவர் உட்படத் திருநர்கள் இருந்தார்கள். எச்.ஐ.வி. சிகிச்சை, ஹார்மோன், மனநல ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. கல்யாணிலும் புனேயிலும்கூடத் திறந்தார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் மூன்றும் மூடப்பட்டன. வாசலுக்கு வந்த நோயாளிகள் குறைந்து மூடியவை அல்ல அவை, அயல்நாட்டுப் பணம் நின்று மூடியவை. அதனால்தான் இதை அரசே நடத்த வேண்டும் என்கிறோம்.

ஆகவே மிகப் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு மாலை நேர மையம் வேண்டும். முதலில் ஓரிரு மாவட்டங்களில் தொடங்கினாலும் சரி. அது திறக்கும்வரை, அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடவும், நாங்கள் கேட்கும் வார்டில் கட்டில் தரவும், தலைமாட்டில் நோயை எழுதித் தொங்கவிடுவதை நிறுத்தவும், புகார் அலுவலரின் பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாசலிலும் எழுதிவைக்கவும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புது நிதி தேவையில்லை. மையத்தை எப்படி அமைப்பது என்று பேச அழைத்தால், எங்கள் மாவட்டத்து ஜமாத் மூத்தவர்களோடு எந்த நாளும் வரத் தயார். பட்டியலில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
திருநங்கை களப்பணியாளர் ஒருவர்