‘தொடரும்’ என்ற அட்டை முதலில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், காலப்பயணம் செய்யும் காரைக் கதையாகக் கொண்ட ஹாலிவுட் படங்களான ‘பேக் டு தி ஃபியூச்சர்’ வரிசையைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். என் வயதுக்காரர்கள் நெஞ்சில் வைத்துப் போற்றும் படங்களை இன்றைய இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்த முன்வந்ததற்கு நன்றி. ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு செய்திகள் எனக்கும், அண்மையில் என்னோடு மூன்று பாகங்களையும் ஒரே நாளில் அமர்ந்து பார்த்த நண்பர்கள் நால்வருக்கும் உறுத்தலாக இருந்தன. மூன்று பாகங்களும் தொடக்கத்திலேயே திட்டமிட்டு எழுதப்பட்டவை என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பது ஒன்று. 2015ஆம் ஆண்டைப் பற்றி இரண்டாம் பாகம் காட்டியவற்றுள் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்று கணக்கெடுத்து, பொய்த்தவையே மிகுதி என்பதால் அந்தப் பாகத்தைப் பலவீனமானது என்று ஒதுக்கியிருப்பது மற்றொன்று. முன்னது தகவல் பிழை. பின்னதை அளவுகோலின் பிழை என்று சொல்வேன்.

முதல் பாகம் 1985 ஜூலை 3 அன்று வெளியானபோது, இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸிடமோ அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய பாப் கேலிடமோ அடுத்த பாகத்துக்கான கதை எதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு திரைக்கதையே நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நிராகரிக்கப்பட்டுத்தான் படமாயிற்று. முடிவில் கார் வானில் பறந்து செல்வது, ரசிகர்களைச் சிரிக்க வைத்து வழியனுப்பும் வேடிக்கையாகவே வைக்கப்பட்டது. ‘தொடரும்’ என்ற அட்டை 1986-ல் வீடியோ கேசட் வந்தபோதுதான் சேர்க்கப்பட்டது. நம்மில் பலரும் படத்தைக் கேசட்டில் பார்த்தவர்களே. ஆகவே கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

திட்டமே இல்லாமல் தொடங்கியதுதான் இந்தப் படங்களைச் சுவையாக்குகிறது. அடுத்த பாகம் எடுப்போம் என்று தெரிந்திருந்தால் நாயகன் மார்ட்டியின் காதலி ஜெனிஃபரைக் காரில் ஏற்றியிருக்கவே மாட்டோம் என்று ஜெமெக்கிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏற்றிவிட்டதால், இரண்டாம் பாகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அந்தப் பெண்ணை மயக்கமடையச் செய்து ஓரமாகப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. முதல் பாகத்தில் ஜெனிஃபராக நடித்த கிளாடியா வெல்ஸ், தாயின் உடல்நலக் குறைவால் விலகியிருந்தார். எலிசபெத் ஷூ அந்த இடத்துக்கு வந்தார். அதனால் முதல் பாகத்தின் இறுதிக் காட்சி முழுவதும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்காக மறுபடி படமாக்கப்பட்டது. எங்கள் ஐவருள் படத்தொகுப்பாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் இரண்டு காட்சிகளையும் மாறி மாறி ஓட்டிக் காட்டினார். அதே வீட்டு வாசல், அதே குப்பைத் தொட்டி, அதே வசனம்; காலப்பயணக் காரை உருவாக்கிய விஞ்ஞானி டாக்டர் பிரவுன் மட்டும் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் கூடுதலாகத் தயங்குகிறார். மார்ட்டியின் எதிர்காலத்தைப் பற்றிய தீய செய்தியை அவர் மறைக்கிறார் என்பது அந்த ஒரு கணத்தில் ஒளிந்திருக்கிறது. முதல் படத்தில் அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இருக்கவில்லை.

மூன்று பாகங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஐவரில் நால்வர் பழைய ரசிகர்கள். இளைஞரின் மனைவி மட்டும் முதன்முறையாகப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகள் எங்களுக்குப் பெரும் பேறாக அமைந்தன. ‘அந்தத் துண்டுத்தாளை இந்தப் பையன் ஏன் இவ்வளவு நேரம் சட்டைப்பையில் வைத்திருக்கிறான்?’ என்று முதல் பாகத்தின் நடுவில் அவர் கேட்டபோதுதான், எத்தனையோ முறை பார்த்த காட்சியின் கட்டமைப்பு எனக்கே பிடிபட்டது. கடிகாரக் கோபுரத்தைக் காப்பாற்ற நிதி திரட்டும் ஒரு பெண்மணி அந்தத் தாளை மார்ட்டியின் கையில் திணிக்கிறார். அத்தகைய தாள்களை நாம் அடுத்த குப்பைத் தொட்டியில் போடுவதுதான் வழக்கம். ஆனால் ஜெனிஃபர் தான் தங்கப்போகும் பாட்டி வீட்டின் தொலைபேசி எண்ணையும் ஒரு காதல் வரியையும் அதன் பின்புறத்தில் எழுதித் தருகிறாள். அதனால் அவன் அதை மடித்துப் பத்திரப்படுத்துகிறான். 1955 நவம்பர் 12 இரவு 10 மணி 4 நிமிடத்துக்கு மின்னல் தாக்கிக் கடிகாரம் நின்றுபோனது என்ற செய்தி அந்தத் தாளின் முன்புறத்தில் இருக்கிறது. 1985-லிருந்து 1955-க்குச் சென்று சிக்கிக்கொண்ட மார்ட்டி திரும்பிச் செல்லக் கால இயந்திரத்துக்குத் தேவையான மின்சாரம் எந்த இடத்தில் எந்த நொடியில் கிடைக்கும் என்பதை அந்தத் தாள்தான் டாக்டர் பிரவுனுக்குச் சொல்கிறது. ஒரு காதல் வரி எழுதப்படாதிருந்தால் மார்ட்டி 1955-லேயே தங்கியிருப்பான். இதைப் படத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மின்சாரம் என்றதும் ஒரு சிறு செய்தி. படத்தில் வரும் 1.21 கிகாவாட், அதாவது 121 கோடி வாட் என்ற அளவை, நடிகர்கள் ‘ஜிகாவாட்’ என்றே உச்சரிக்கிறார்கள். ஆங்கில ரசிகர்கள் இதை வைத்து நெடுங்காலமாகக் கேலி பேசி வருகிறார்கள். எங்களுள் இயற்பியல் ஆசிரியையாக இருப்பவர், ‘ஜிகாபைட் என்று நாள்தோறும் சொல்கிற நமக்கு இது பிழையாகவே படாது’ என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

இனி, கட்டுரையாளர் கையிலெடுத்த அளவுகோலுக்கு வருகிறேன். 2015 அக்டோபர் 21 அன்று பறக்கும் கார்கள் ஓடவில்லை. வீட்டுக்கு வீடு தொலைநகல் கருவி இல்லை. கைப்பேசியையும் இணையத்தையும் படம் ஊகிக்கவில்லை. சுவரளவு தட்டைத் தொலைக்காட்சியும் முகம் பார்த்துப் பேசும் அழைப்பும் வந்துவிட்டன. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி கோப்பை வென்றது 2016-ல். படம் சொன்னதற்கு ஓராண்டு பிந்தி. இந்தப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஓர் இதழ் வெளியிடுகிறது. ஆரூடம் சொல்வது தங்கள் நோக்கமன்று, சிரிக்க வைப்பதே நோக்கம் என்று படைத்தவர்களே சொன்ன பிறகும், பஞ்சாங்கம் பார்ப்பதைப் போல அந்தப் படத்தைப் பார்ப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மேலும், 2015 காட்சிகள் இரண்டாம் பாகத்தின் முதல் பகுதி மட்டுமே. அந்தப் படத்தின் உயிர் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

அந்தக் கடைசிப் பகுதியில் கதை மீண்டும் 1955 நவம்பர் 12 இரவுக்கே, முதல் பாகத்தில் கண்ட அதே பள்ளி நடன விழாவுக்கே திரும்புகிறது. பாப் கேல் முதலில் எழுதிப் பார்த்த வடிவத்தில் கதை 1967ஆம் ஆண்டுக்குச் செல்வதாக இருந்தது. முதல் படத்துக்குள்ளேயே நுழைந்துவிடலாமே என்ற யோசனையை முன்வைத்தவர் ஜெமெக்கிஸ். அதனால் நாம் காண்பது என்னவென்றால், மேடையில் பழைய மார்ட்டி கிதார் வாசித்துக்கொண்டிருக்க, அவன் தலைக்கு மேலே விளக்குகள் தொங்கும் பலகைப் பாதையில் இன்னொரு மார்ட்டி தவழ்ந்து செல்கிறான். கீழே பழைய மார்ட்டியைத் தாக்கக் காத்திருக்கும் அடியாட்கள் மீது மேலிருப்பவன் மணல் மூட்டைகளை அவிழ்த்து விடுகிறான். முதல் பாகத்தில் அந்த மேடைக்கு மேலே எவரும் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் இரண்டாம் பாகத்தைப் பார்த்த பிறகு முதல் பாகத்தை மறுபடி பார்த்தால், பாட்டு நடக்கும்போது கண் தானாக மேலே போகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்து முடித்துவிட்ட ஒரு காட்சியை, அதில் ஒரு சட்டகத்தைக்கூட மாற்றாமல், வேறொரு காட்சியாக நமக்கு ஆக்கிக் காட்டிய படம் என் நினைவில் இது ஒன்றுதான். (அந்தக் கிதார் வகை 1955-ல் சந்தைக்கே வரவில்லை என்று ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான நண்பர் இந்த முறையும் சொன்னார். அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.)

குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. முதல் பாகத்தில் குடும்பப் புகைப்படத்திலிருந்து மார்ட்டியின் அண்ணனும் அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறார்கள். முதலில் தலை, பிறகு உடல். கடந்த காலம் மாறினால் எதிர்காலம் மெல்லத்தான் மாறும் என்பது அந்தப் படத்தின் விதி. இரண்டாம் பாகத்திலோ கிழவராகிவிட்ட வில்லன் பிஃப், விளையாட்டு முடிவுகள் அச்சிட்ட புத்தகத்தை 1955-ல் தன் இளைய உருவிடம் கொடுத்துவிட்டு, எதுவும் மாறாத அதே 2015-க்குத் திரும்பி வந்து காரை விட்டு இறங்குகிறார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவது ஏன் என்பது படத்தில் விளங்காது. அவர் மறைந்துபோகும் காட்சி எடுக்கப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே விதிக்குள் அடக்க ஆசிரியை தம் குறிப்பேட்டில் கோடுகள் போட்டுக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டால், மங்கும் புகைப்படத்துக்கு அறிவியலில் இடமே இல்லை. ஆனால் நாயகனிடம் இன்னும் எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல கடிகாரத்தை ஒரு திரைக்கதையாசிரியர் கண்டுபிடித்துவிட முடியாது.

தந்தை ஜார்ஜாக நடித்த கிரிஸ்பின் குளோவர் அடுத்த பாகங்களில் நடிக்கவில்லை என்பதும், இன்னொரு நடிகருக்கு அவரைப் போன்ற ஒப்பனையிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்ததால் அது வழக்கு வரை சென்றது என்பதும் பலர் அறிந்தவை. மகனாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸைவிட அந்தத் தந்தை ஏறத்தாழ மூன்று வயது இளையவர் என்பதும், தாயாக நடித்த லீ தாம்ப்சன் மகனைவிடப் ஒன்பது நாள்களே மூத்தவர் என்பதும் அன்று முதன்முறையாகப் பார்த்தவருக்குப் பெரு வியப்பாக இருந்தன. எனக்கு வியப்பு வேறிடத்தில் இருந்தது. முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மார்ட்டியின் வயது. அவனுடைய பெற்றோர் எனக்குக் கிழவர்களாகத் தெரிந்தார்கள். 1955-ல் பதினேழு வயது என்றால் 1985-ல் அவர்களுக்கு நாற்பத்தேழுதான். அந்த வயதை நான் தாண்டிச் சில காலம் ஆகிறது. இந்த முறை, சாப்பாட்டு மேசையில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி தனக்கு மட்டும் சிரித்துக்கொள்ளும் அந்தத் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பாகம் 1990 மே 25 அன்று, இரண்டாம் பாகம் வந்து ஆறே மாதங்களில் வெளியானது. இரண்டும் அடுத்தடுத்துப் படமாக்கப்பட்டவை. 1885-ல் நடக்கும் இந்தக் குதிரைக்காரர் கதை மற்ற இரண்டைவிட நிதானமானது. வங்கி நண்பருக்கு இதுவே முதன்மை. எனக்கு இது மூன்றாவதுதான். எவரேனும் ‘கோழை’ என்றால் மார்ட்டி நிதானம் இழப்பது முதல் பாகத்தில் இல்லாத குணம். அதை இரண்டாம் பாகத்தில் திடீரென்று நட்டு, மூன்றாம் பாகத்தில் அறுவடை செய்கிறார்கள். ஆனால் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். நீதிமன்றக் கடிகாரம் முதன்முதலாக இயங்கத் தொடங்கும் விழாவில், அதன் அருகே நின்று மார்ட்டியும் டாக்டரும் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1955-ல் எந்தக் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் தொங்கினாரோ, 1985-ல் எதற்காக அந்தப் பெண்மணி உண்டியல் குலுக்கினாரோ, 2015-லும் எதற்காக ஒரு முதியவர் நன்கொடை கேட்டாரோ, அதே கடிகாரம். முதல் பாகத்தின் முதல் நிமிடத்தில் டாக்டரின் வீட்டில் வரிசையாக ஓடும் கடிகாரங்களுள் ஒன்றில், முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஒரு சிறு மனிதப் பொம்மை இருக்கிறது. மூன்றையும் தொடர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தொடக்கத்தை ஓட்டினோம். பொம்மை வந்ததும் ஐவரும் ஒருசேரக் கை காட்டினோம்.

எனவே, மூன்று பாகங்களும் முன்பே திட்டமிடப்பட்டவை என்ற தகவலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பலித்தது, பொய்த்தது என்ற பட்டியலுக்குக் கொடுத்த அளவு இடத்தை, அந்தத் துண்டுத்தாளையும் நடன விழாவையும் போன்ற கட்டமைப்பு நுட்பங்களுக்கும் ஒருமுறை கொடுக்கலாம்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றையும் இப்பகுதியில் வைக்கிறேன். 1885-ல் மார்ட்டி வந்த காரின் எரிபொருள் குழாய் கிழிந்து, ஒரு துளி பெட்ரோல் இல்லாமல் போகிறது. அதனால்தான் ரயில் எஞ்சினைக் கொண்டு காரை, காலம் தாண்டத் தேவையான மணிக்கு 88 மைல் வேகத்துக்குத் தள்ள வேண்டியதாகிறது. ஆனால் முன்பே 1885-க்கு வந்துவிட்ட டாக்டர், 1955-ல் மார்ட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒளித்துவைத்த அதே கார் அந்த நாளிலும் பக்கத்துச் சுரங்கத்தில்தானே கிடக்கிறது? அதிலிருந்து பெட்ரோலை எடுத்தால் என்ன? எழுபது ஆண்டுகள் மூடிவைக்கும் காரில் எவரும் பெட்ரோலை விட்டுவைக்க மாட்டார்கள், முன்பே வடித்திருப்பார் என்கிறார் ஆசிரியை. வடித்திருந்தால் வடித்த பெட்ரோல் எங்கே என்கிறார் வங்கி நண்பர். தங்கள் வாசகர்களுள் விடை அறிந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய கடிதத்தையும் இதே இடத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்