மேலே ஒரு கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காமிக்ஸ் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டலாம் என்று ஆசையாக எடுத்துப் போனேன். ‘பென்சில் ஓவியத்தின் மேல் மையால் இன்னொரு முறை கோடு இழுத்துவிட்டால் பக்கம் தயார்’ என்ற வரி வந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன், “அப்போ மூணு மாசமா நாம என்ன சார் பண்றோம்?” என்றான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும்.

18 வருடமாகக் காமிக்ஸ் வரையக் கற்றுத் தருகிறேன். மையில் முக்கி வரைகிற ஜி-பென் என்ற பேனாவின் புது நிப்பில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். துடைக்காமல் முக்கினால் மை ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதைச் சொல்லிக் கொடுப்பதற்குள்ளேயே முதல் வகுப்பு முடிந்துவிடும். அப்புறம்தான் கோடு. அழுத்தினால் நிப்பின் நுனி பிளந்து கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் மெலியும். ஒரே ஒரு தலைமுடியை அடியில் தடிப்பாகத் தொடங்கி, நுனியில் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் எடுக்க வேண்டும். அதற்காக நான் வீணாக்கிய தாள்களுக்குக் கணக்கில்லை. காயாத மையில் மணிக்கட்டு பட்டுப் போன பக்கங்கள் தனி.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் மை போட்ட பக்கத்தையும் வின்ஸ் கொலெட்டா மை போட்ட பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே ஆள் வரைந்தது என்று சொல்லவே முடியாது. உங்களுக்குத் தெரியாததா! 1998இல் ‘வேகபாண்ட்’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, பேனாவில் தொடங்கிய ஓவியர் தகேஹிகோ இனோவே, பாதி வழியில் பிரஷ்ஷுக்கு மாறினார். அந்தப் பக்கங்களை இன்றும் மாணவர்களிடம் காட்டாமல் என்னால் ஒரு பருவத்தை முடிக்க முடியாது. வெறும் கோடு இழுக்கிற வேலைக்கு அந்த மனிதர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய ஒரு மங்கா பக்கத்தை இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகக் கண்ணாடி பார்த்த மாதிரி திருப்பிப் போட்டீர்கள். சாமுராய்கள் மொத்தப் பேரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். எழுதினேன், என் கடிதம் இதழில் வரவில்லை. அதற்கும் முன்னால் நிழல் காட்ட ஒட்டுகிற ஸ்கிரீன்டோன் புள்ளிகளைக் கண்டபடி சுருக்கி அச்சிட்டதில் கதாநாயகி முகம் முழுக்க அலை அலையாகக் கட்டம் விழுந்திருந்தது. அதைப் புதுப் பாணி என்று ஒரு வாசகர் பாராட்டியிருந்தார். அவர் கடிதம் மட்டும் வந்தது.

சரி, கேட்பது சின்ன விஷயம்தான். இனி காமிக்ஸ் படம் போடும்போது பென்சிலில் வரைந்தவரின் பெயரோடு, மை போட்டவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரையும் அடியில் சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய கோடு பார்த்துப் பழகிய கண்தான் எனக்கு.

இப்படிக்கு,
மேலே கோடு இழுக்கக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியர்