சக்கர் மீனைச் சரியான பெயர் சொல்லி விற்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

புதுச்சேரி வண்ண மீன் கடைகளில் மஞ்சளாக இருக்கிற குட்டி சக்கர் (தொட்டிக் கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன்) எல்லாமே ‘அல்பினோ’, அதாவது நிறமியே இல்லாத மீன்தான், விலையை ஏற்ற வேண்டுமென்றால் அதே மீன் ‘எல்-144’ ஆகிவிடுகிறது. கண்ணைப் பாருங்கள். டார்ச் அடித்தால் சிவப்பாகத் தெரிவது அல்பினோ. உடம்பு மஞ்சள், கண் கறுப்பு என்றால் அது அல்பினோ இல்லை. எல்-144 போன்ற எல் எண் என்பது அறிவியல் பெயர் இன்னும் வைக்காத மீன்களை அடையாளம் காண 1988-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகை ஆரம்பித்த முறை. தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ‘சூப்பர் ரெட்’ என்ற சிவப்புச் சக்கருக்கு அந்த எண்ணே கிடையாது, அதனால் எண் சொல்லி விற்றால் தாய் தகப்பன் மீன் எது என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், பெரிய சக்கரிலும் அல்பினோ உண்டு என்பதால் கண் மட்டும் போதாது, விரிந்திருக்கும்போது முதுகுத் துடுப்பின் கதிர்களையும் எண்ண வேண்டும். பத்துக்கு மேல் இருந்தால் ஒரு அடியைத் தாண்டி வளரும் இனம். ஏழெட்டுதான் என்றால் மீசைச் சக்கராக இருக்கலாம், அது ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல் கிளை கிளையாக மீசை இருக்கும். இது தெரியாமல் வாங்கி, தொட்டி கொள்ளாமல் போனதும் ஏரியில் விடுகிறார்கள், ஊசுடு ஏரிக்கு அந்தக் கதி வரக்கூடாது. எவ்வளவு வளரும் என்று தொட்டியிலேயே எழுதி ஒட்ட மீன்வளத் துறை உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி