அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார வேண்டும்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. காது கேக்காத அந்தப் பிள்ளைக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தா, மத்த பிள்ளைங்க பாடம் என்ன ஆகுறது?" என்று கேட்டார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே கேள்வி உங்களில் இன்னும் பலருக்கு இருக்கும். அன்று அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்பதால் இந்தக் கடிதம்.

அந்த வகுப்பில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஜூனில் சேர்ந்தபோதே அந்தப் பிள்ளை காதொலிக் கருவி மாட்டியிருந்தாள். கருவிதான் இருக்கிறதே, கேட்கும் என்று நினைத்துவிட்டோம். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் அரை மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். தலைக்கு மேலே கடகடவென்று ஓடும் மின்விசிறியைக் காட்டி, ஆசிரியரின் குரலோடு இந்தச் சத்தத்தையும் கருவி பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது என்றார். அப்புறம், கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் அவளுக்கு வாயசைவு தெரியவில்லை என்றார். மறுநாளே மின்விசிறியைப் பழுது பார்த்தோம். டீச்சரும் எழுதி முடித்து, வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்ற பிறகே பேசத் தொடங்கினார். புதுச் சொற்களைப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்துக் கடைசி பெஞ்சுப் பையன்கள் சொன்னார்கள்: "இப்பதான் மிஸ், நீங்க சொல்றது எங்களுக்கும் கேக்குது."

திரும்பச் சொல்ல நேரம் ஆகிறது என்பது உண்மைதான். அதை நான் மறைக்க மாட்டேன். இத்தாலியில் 1977இலேயே சட்டம் போட்டு, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கென்று இருந்த தனி வகுப்புகளை நீக்கிவிட்டார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை படிக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, துணைக்கு ஆசிரியர் வேண்டும் என்றும் அப்போதே எழுதினார்கள். நம் ஏழாம் வகுப்பில் 41 பேர். சிறப்புப் பயிற்றுநர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். இதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? ஆள் போதவில்லையென்றால் ஆள் கேட்போம். மனு எழுதி வைத்திருக்கிறேன், பெற்றோர் கையெழுத்தும் சேர்ந்தால் அதற்கு வலு கூடும். ஆனால் பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாட்டு அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அறிவித்தன. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையின் பக்கம். நம்மிடம் வந்தால் சேர்த்துக்கொள்வது எங்கள் கடமை.

இதற்கு முன்பிருந்த 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21. அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், வரிகள் விட்டுப்போகும். அவனைச் சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். எட்டாவதோடு நின்றுவிட்டான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அடிக்காதீர்கள், என்னிடம் அழைத்து வாருங்கள். முன்கூட்டியே மருத்துவச் சான்று வாங்கி விண்ணப்பித்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆளும் கிடைப்பார்.

சாய்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு அடி உயரப் படிக்கு முதலில் நாங்கள் ஐந்தடி நீளத்தில் சாய்தளம் கட்டினோம். சக்கர நாற்காலியில் வரும் ஆறாம் வகுப்புப் பையனால் தனியாக ஏற முடியவில்லை, தினமும் இரண்டு பேர் தள்ளினார்கள். கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு அப்பா அதைப் பார்த்துவிட்டு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இடித்துக் கட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. இப்போது அந்தப் பையன் மணி அடிக்கும் முன்பே தானாக ஏறி வந்துவிடுகிறான். சத்துணவு அரிசி மூட்டையும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

வீட்டில் பேசும்போது அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் சொல்தான் மறுநாள் வகுப்பறைக்கு வருகிறது. உங்கள் தெருவில் பள்ளிக்கே வராமல் வீட்டோடு இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். வருகிற புதன்கிழமை காலை 10 மணிக்குச் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பள்ளிக்கு வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். பிள்ளையைத் தூக்கி வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் போதும், சாயங்காலம் நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்