சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து மூணு மாசம் ஆயிடுச்சு. நீ திட்டினா வாங்கிக்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கீதா அனுப்பிய மாங்காய் ஊறுகாயாகி, பாதி ஜாடி காலி.

தாமதத்துக்குக் காரணமே உன் கேள்விதான். "தண்ணி பட்டாலே தீப்பிடிக்கிற சோடியத்தை எதுக்குடா உலைக்குள்ள ஊத்துறாங்க?" இதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனசு வரலை.

உலையின் சூட்டை வெளியே கொண்டுவர ஒரு திரவம் வேணும். ஆனால் ஈனுலையில், அதாவது எரிபொருளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அணு உலையில், நியூட்ரான் வேகம் குறையக் கூடாது; தண்ணீர் குறைத்துவிடும். அதனால்தான் உருக்கிய சோடியம். இயற்கை யுரேனியத்தில் நேரடியாகப் பிளவுபடுவது 0.7 சதவீதம்தான். மீதியெல்லாம் யுரேனியம்-238. வேக நியூட்ரான்தான் அதைப் புளூட்டோனியமாக்கித் தாராளமாக எரிக்க வழி செய்கிறது. கல்பாக்கத்து 500 மெகாவாட் உலையில் சோடியம் 547 டிகிரியில் வெளியே வரும். அது கொதிப்பதோ 883-ல். அதனால் உலைக்கலனுக்குள் பெரிய அழுத்தமே கிடையாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்குச் சோடியத்தின் மேல் மரியாதை.

என் கவலை உலைக்கலன் இல்லை, சோடியத்தின் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கும் நீராவி ஜெனரேட்டர். நீ பாய்லர்க்காரன், உனக்குச் சொல்லித்தான் ஆகணும்.

சாதா பாய்லரில் குழாய் ஓட்டையானால் சத்தம் கேட்கும், இழப்பை ஈடுகட்ட ஊற்றும் மேக்கப் தண்ணீர் கூடும். லோடைக் குறைத்து, நிறுத்தி, ஆறவிட்டு, அந்தக் குழாயை அடைத்துப் பிளக் அடிப்பாய். இங்கே அந்த அவகாசம் கிடையாது. குழாய்க்குள்ளே ஏறக்குறைய 170 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர், வெளியே சோடியம். நடுவில் 2.3 மில்லிமீட்டர் எஃகு. ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் சேர்ந்த சூடான பீச்சு பக்கத்துக் குழாயை அரிக்க ஆரம்பிக்கும். 1987-ல் ஸ்காட்லாந்தின் டவுன்ரே ஈனுலையில் அதுதான் நடந்தது. அதிர்வில் உரசித் தேய்ந்த ஒரு குழாய் உடைந்தது, விநாடிக்கணக்கில் இன்னும் 39 போய்விட்டன! நல்லவேளை, அது இரண்டாம் சுற்றுச் சோடியம்; உலைக்குள் ஓடும் முதல் சுற்றிலிருந்து சூட்டை மட்டும் வாங்கி வருவது, கதிரியக்கம் இல்லாதது. அந்தப் பிரிப்பு ஏன் வேணும்னு இப்ப புரியுதா?

அதனால்தான் ஹைட்ரஜனைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். சோடியத்தில் மெல்லிய நிக்கல் சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் வெற்றிடம். ஹைட்ரஜன் மட்டும் ஊடுருவும், அளவு கூடினால் உடனே தெரியும். ஆனால் உலையை ஆரம்பிக்கும்போது சோடியம் சூடு குறைவாக இருக்கும், ஹைட்ரஜன் சரியாகக் கரையாது. குமிழாக மேலே போய், சோடியத்துக்கு மேல் நிரப்பியிருக்கும் ஆர்கான் வாயுவில் சேரும். அந்த நேரத்தில் சோடியத்தில் இருக்கும் மீட்டரை மட்டும் நம்பினால் கோட்டை விட்டுவிடுவோம். ஆர்கானிலும் ஒரு மீட்டர் வேணும். கசிவு பெரிதானால், அழுத்தம் மிஞ்சும்போது கிழியவென்றே வைத்த வெடிதகடு கிழிந்து, அழுத்தம் அதை வாங்கிக்கொள்ளும் தொட்டிக்குப் போகும். அதற்குள் நீராவிப் பக்கத்தை அடைத்து, தண்ணீரை வெளியேற்றி, நைட்ரஜன் நிரப்பிவிட வேண்டும்.

இதெல்லாம் ஓட்டை விழுந்த பிறகு செய்வது. விழாமல் காப்பது வெல்டு. கல்பாக்கத்தில் ஒரு ஜெனரேட்டரில் 23 மீட்டர் நீளக் குழாய்கள் 547. இரண்டு முனையும் சேர்த்து 1094 வெல்டு. ஜெனரேட்டர்கள் 8. மொத்தம் 8752, கணக்குப் போட்டுப் பார்! குழாய்களின் முனைகளைத் தாங்கும் குழாய்த் தகட்டிலேயே மூக்கு மாதிரி நீட்டிவிட்டு, குழாயின் உள்பக்கத்திலிருந்து நேருக்குநேர் பற்றவைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் மெல்லிய எக்ஸ்ரே கம்பியை உள்ளே விட்டு வெல்டு முழுவதையும் படமெடுக்க முடியும். 9 சதவீதம் குரோமியம் உள்ள எஃகு என்பதால், பற்றவைக்கும் முன்னும் பின்னும் சூடாக்குவது தவறவே கூடாது. தவறினால் கடினப்பட்டு விரிசல் விடும், அது உனக்கே தெரியும்.

2004-ல் கட்ட ஆரம்பித்த உலை, 2024 மார்ச்சில்தான் உலைக்கருவை நிரப்பும் கட்டத்துக்கு வந்தது என்று நீ குறைப்பட்டிருந்தாய். குறை நியாயம்தான், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இந்த 8752-ல் ஒன்றில்கூட அவசரப்படச் சொல்லமாட்டேன்.

மணியின் மகன் வெல்டு சோதனைப் படிப்பைப் பாதியில் விட்டுட்டு கம்ப்யூட்டர் பக்கம் போகப் பார்க்கிறானாமே? நீ சொன்னால் கேட்பான். ஃபிலிமில் ஒரு சின்னத் துளையைக் கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு இருக்கு. ஒரு தடவை பேசிப் பாரு, ப்ளீஸ்.

அன்புடன்,
பாலு